கிணற்றுக்குள் வந்த உப்பு



முப்பது வருடம் உயிரியல் படிப்பித்தவனை மேடையில் ஏற்றினால் அவன் கண் முதலில் கரும்பலகையைத்தான் தேடும். இங்கே கரும்பலகை இல்லை. நல்லதாய்ப் போயிற்று. இன்றைக்கு நான் பேச வந்ததைப் படம் கீறிக் காட்டுவது கொஞ்சம் சங்கடம். ஆண்களின் உடம்பில், சலப்பைக்குக் கீழே, ஒரு பெரிய நெல்லிக்காய் அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது. பாடப்புத்தகத்தில் அதன் பெயர் முன்னிற்குஞ் சுரப்பி. ஆஸ்பத்திரியில் புரொஸ்டேற் என்பார்கள். வீட்டில் அதற்குப் பெயரே இல்லை. பெயரில்லாத ஒன்றைப் பற்றி யார், யாரிடம் போய் முறையிடுவது?

அந்தச் சுரப்பி ஒரு புரதத்தைச் சுரக்கிறது. அந்தப் புரதத்தைச் செய்யும் கட்டளை ஒரு பரம்பரையலகில் எழுதியிருக்கிறது. அது உடம்பில் என்ன வேலை பார்க்கிறது? அது எப்படிப் புற்றுநோய்க்கு அடையாளம் ஆயிற்று? அந்த அடையாளத்தை எவ்வளவுக்கு நம்பலாம்? இவைதான் இன்றைய பேச்சு. தாய்மார் எழும்பிப் போய்விட வேண்டாம். உங்கள் வீட்டு ஆண்களைக் கிளினிக்குக்கு அனுப்பப்போவது நீங்கள்தான்.

தமிழில் இதெல்லாம் பேச முடியுமா என்று சிலருக்குச் சந்தேகம். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் இருந்துகொண்டு மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்தார், தமிழிலேயே நூல்களாக்கினார். கூப்பிடு தூரத்தில் அப்படியொரு மனிதர் வாழ்ந்த மண்ணில் நான் ஏன் கூச்சப்பட வேண்டும்?

போன வருடம் ஒரு நாள், இரவு பதினொரு மணியிருக்கும். ரொறன்ரோவில் இருக்கிற என் ஒன்றுவிட்ட அண்ணர் தொலைபேசி எடுத்தார். குரல் உடைந்துபோயிருந்தது.

“தம்பி, பீ.எஸ்.ஏ. ஆறு தசம் இரண்டாம். எனக்கு வந்திட்டுது. ஊர்க் காணியை ஆற்றை பேரிலை எழுதிறது எண்டு யோசிக்கிறன்.”

“அண்ணை, காணி ஓடிப்போகாது. முதலிலை அந்த ஆறு தசம் இரண்டு என்னெண்டு சொல்லுங்கோ.”

அவருக்குத் தெரியவில்லை. கடதாசியில் அந்த எண் தடித்த எழுத்தில் இருந்ததாம். பக்கத்தில் ஒரு அம்புக்குறி மேல்நோக்கி இருந்ததாம். அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது. அந்த அம்புக்குறி ஒரு மனிதனைக் காணி உறுதி எழுதும் இடம்வரை கொண்டுபோய் விட்டது. அண்ணரின் கதையைப் பிறகு சொல்கிறேன். முதலில் அடுப்படிக்குப் போவோம்.

கிழட்டு ஆட்டிறைச்சி. எவ்வளவு நேரம் அடுப்பில் கிடந்தாலும் அவியாது. அம்மா என்ன செய்வார்? பப்பாசிக்காயில் ஒரு துண்டு வெட்டி இறைச்சியோடு பிசைந்து வைப்பார். கொஞ்ச நேரத்தில் இறைச்சி இளகிவிடும். இறைச்சியில் இருப்பது புரதம். பப்பாசிப் பாலில் இருப்பது அந்தப் புரதத்தை வெட்டும் நொதியம். அதற்குப் பப்பேயின் என்று பெயர். அன்னாசி கூடுதலாகத் தின்றால் நாக்கு எரிகிறதல்லவா? அங்கேயும் அதே கதைதான். நாங்கள் அன்னாசியைத் தின்ன, அன்னாசி எங்கள் நாக்கைத் தின்கிறது!

புரதத்தை வெட்டும் இந்த நொதியங்களுக்குப் பொதுப்பெயர் புரொட்டியேஸ். மனித உடம்பில் இவற்றுக்கென்று ஐந்நூறுக்கு மேற்பட்ட பரம்பரையலகுகள் உண்டு. இரைப்பையில் சோற்றோடு வரும் மீனை வெட்டுவது ஒன்று. காயத்தில் குருதி உறைய வைப்பது இன்னொன்று. உறைந்த குருதியைப் பிறகு கரைப்பது மற்றொன்று. ஐந்நூறு கத்திகள்! இத்தனை கத்திகளை உள்ளே வைத்துக்கொண்டு உடம்பு தன்னைத்தானே வெட்டிக்கொள்ளாமல் இருப்பது எப்படி?

உறையில் போட்டு வைத்திருக்கிறது. அநேகமான புரொட்டியேஸ்கள் செயலற்ற வடிவிலேயே பிறக்கின்றன. முனையில் ஒரு சிறு துண்டு மூடிபோலச் செருகியிருக்கும். வேலை நேரம் வந்ததும் இன்னொரு புரொட்டியேஸ் வந்து அந்த மூடியை வெட்டிவிடும். கத்தியின் உறையைக் கழற்ற இன்னொரு கத்தி!

இப்போது எங்கள் கதாநாயகனுக்கு வருவோம். பரம்பரையலகின் பெயர் கே.எல்.கே.3. இருப்பிடம் 19ஆம் நிறமூர்த்தம். அது தனியாக இல்லை. ஒரே காணியில் வீடு கட்டிய சகோதரர்கள்போல பதினைந்து பரம்பரையலகுகள் அங்கே அடுத்தடுத்து இருக்கின்றன. கல்லிக்கிரேயின் குடும்பம் என்பது அவற்றின் பெயர். மனித மரபுத்தொகுதியில் புரொட்டியேஸ்கள் இடைவெளியின்றி இவ்வளவு பெரிய கூட்டமாக இருக்கும் இடம் வேறில்லை. இந்தக் குடும்பத்தின் முழுக் கிளைகளையும் தேடி எழுதியவர்களில் முன்னிற்பவர் எலெஃப்தேரியோஸ் டயமண்டிஸ். சைப்பிரஸில் பிறந்த கிரேக்கர். வேலை பார்த்த இடம் ரொறன்ரோ. எங்கள் பிள்ளைகள் பாதிப்பேர் குடியிருக்கிற அதே ரொறன்ரோதான்.

கே.எல்.கே.3 எழுதுகிற புரதம் 237 அமினோவமிலங்கள் கோத்த ஒரு சங்கிலி. அதன் உறையோ வெறும் ஏழு அமினோவமிலம். இந்தப் புரதத்தைத்தான் குருதிப் பரிசோதனைக் கடதாசியில் பீ.எஸ்.ஏ. என்று எழுதுகிறார்கள். புரொஸ்டேற்றுக்கே உரிய பொருள் என்பது அந்தப் பெயரின் கருத்து. அது முழு உண்மையும் இல்லை. தாய்ப்பாலில்கூட இது சிறிதளவு இருக்கிறது. ஆனால் பெயர் வைத்தாயிற்று. வைத்த பெயரை யார் மாற்றுவது?

சரி, இயற்கை இதை எதற்காகப் படைத்தது? புற்றுநோயைக் காட்டிக்கொடுக்கவா? இல்லவே இல்லை. பிள்ளை பிறக்கப் படைத்தது.

ஆணின் சுக்கிலப்பாயம் வெளிவந்தவுடன் கூழ்போல உறைந்துவிடும். செமெனோஜெலின் என்ற புரதம் பின்னுகிற வலை அது. கோடிக்கணக்கான விந்துக்கள் அந்த வலைக்குள் அகப்பட்டு அசையாமல் நிற்கும். வலையில் பட்ட மீன் எப்படி நிற்கும் என்று இந்தக் கரையில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. அப்போது கே.எல்.கே.3இன் கத்தி வருகிறது. கண்ணி கண்ணியாக அந்த வலையை அறுக்கிறது. ஐந்து நிமிடத்திலிருந்து இருபது நிமிடத்துக்குள் கூழ் நீராகிவிடும். விந்துக்கள் நீந்தத் தொடங்கும். நீங்களும் நானும் இந்த மண்டபத்தில் இருக்கிறோமென்றால், எங்கள் தகப்பன்மாரின் உடம்பில் இந்தக் கத்தி தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது.

இதில் இன்னுமொரு நுட்பம் உண்டு. புரொஸ்டேற்றுக்குள் துத்தநாகம் மிகுதி. உறை கழன்ற பிறகும் அந்தத் துத்தநாகம் கத்தியைப் பிடித்துவைத்திருக்கும். வெளியே வந்ததும் செமெனோஜெலின் துத்தநாகத்தைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். உடனே கத்தி விடுபடும். எந்தப் புரதத்தை வெட்ட வேண்டுமோ, அந்தப் புரதமே கத்தியை அவிழ்த்துவிடுகிறது! இதைப் படிப்பிக்கும்போதெல்லாம் என் மாணவர்கள் ஒருகணம் பேசாமல் இருப்பார்கள். பிறகு கடைசி வாங்கிலிருந்து ஒரு சிரிப்புக் கேட்கும்.

இனிக் கொஞ்சம் கணக்கு. சுக்கிலப்பாயத்தில் இந்தப் புரதம் ஏறக்குறைய ஒரு லீற்றருக்கு ஒரு கிராம் என்ற அளவில் இருக்கிறது. குருதியிலோ, நெடுங்காலமாக எல்லைக்கோடாக வைத்திருக்கும் அளவு ஒரு மில்லி லீற்றருக்கு நான்கு நனோகிராம். அது எவ்வளவு? எங்கள் தீவுக்குப் பவுசரில் தண்ணீர் வருகிறதே, பத்தாயிரம் லீற்றர் கொள்ளும் பவுசர் இருபத்தைந்தை வரிசையாக நிறுத்துங்கள். அத்தனைக்கும் சேர்த்து ஒரே ஒரு கிராம் உப்பைப் போட்டுக் கலக்குங்கள். அதுதான் நான்கு நனோகிராம். சுரப்பியின் உள்ளே கடல்போல. குருதியில் இருபத்தைந்து பவுசருக்கு ஒரு சிட்டிகை. நடுவில் ஏதோ ஒரு வரம்பு உறுதியாக நிற்கிறது என்றுதானே அர்த்தம்?

இங்கேதான் எங்கள் கிணறு வருகிறது.

நாங்கள் தீவான்கள். நல்ல தண்ணீரின் அருமை எங்களைவிட யாருக்குத் தெரியும்? எங்கள் காலடியில் சுண்ணாம்புக் கல். அதன் துளைகளுக்குள் கடல்நீர். அந்தக் கடல்நீரின் மேல், மாரி மழை தந்த நன்னீர் மிதக்கிறது. மேலே நன்னீர் ஓரடி இறங்கினால் அடியில் உப்புநீர் நாற்பதடி ஏறும் என்பது நிலத்தடி நீர் படித்தவர்களின் கணக்கு. துலா மிதித்து அளவாக இறைத்த காலத்தில் வரம்பு நின்றது. மோட்டர் பூட்டி நாள் முழுக்க இறைத்த கிணறுகள் சவராயின.

உப்புக் கெட்ட பொருளா? கடலில் இருக்கும்வரை அது இருக்கவேண்டிய இடத்தில்தான் இருக்கிறது. கிணற்றில் உப்புக் கரித்தால், உப்புக் கூடிவிட்டது என்று யாராவது சொல்வோமா? எங்கேயோ வரம்பு விட்டுவிட்டது என்போம். பீ.எஸ்.ஏ.யும் அப்படித்தான். புற்றுநோய்க் கலங்கள் இந்தப் புரதத்தை அள்ளி அள்ளிச் சுரக்கின்றன என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மை எதிர்மாறானது. கலத்துக்குக் கலம் ஒப்பிட்டால் புற்றுநோய்க் கலம் சுரப்பது குறைவு. ஆனால் சுரப்பியின் குழாய்களைச் சுற்றியிருக்கும் கலப்படையையும் அதன் கீழுள்ள மென்சவ்வையும் புற்றுநோய் குலைத்துவிடுகிறது. குழாய்வழியே வெளியே போகவேண்டிய புரதம் குருதிக்குள் கசிகிறது. ஆய்வுகூடத்தில் அளப்பது அந்தக் கசிவை.

கிணறு சவராக எத்தனை காரணம்? கூடுதலாக இறைத்தாலும் சவராகும். மழை பொய்த்தாலும் சவராகும். கடல் ஏறினாலும் சவராகும். குருதியில் பீ.எஸ்.ஏ. ஏறவும் பல காரணம். வயது போகப் போகச் சுரப்பி சும்மா பருத்தாலும் ஏறும். சுரப்பியில் கிருமி தொற்றினாலும் ஏறும். சலம் அடைத்து ரியூப் போட்டாலும் ஏறும். முதல்நாள் மனைவியோடு சேர்ந்திருந்தாலும் சிறிது ஏறலாம். புற்றுநோய் இருந்தாலும் ஏறும். நான்குக்கும் பத்துக்கும் இடைப்பட்ட எண் வந்தவர்களில் ஊசியால் சதை எடுத்துப் பார்த்தால் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குத்தான் புற்றுநோய் இருக்கும். மற்ற மூவர்? அவர்கள் காணி உறுதி எழுத ஓடியவர்கள்!

மறுபக்கமும் உண்டு. அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வொன்றின் முடிவு 2004இல் வந்தது. எண் நான்குக்குள் இருந்த ஆண்களுக்கும் சதை எடுத்துப் பார்த்தார்கள். நூற்றுக்குப் பதினைந்து பேருக்குப் புற்றுநோய் இருந்தது. கிணறு இனிக்கிறது என்பதற்காக அடியில் ஒன்றுமில்லை என்று சத்தியம் பண்ண முடியாது.

பிறகு எதற்காக உலகம் முழுவதும் இதை அளந்தார்கள்? 1970இல் ரிச்சர்ட் ஏப்ளின் என்பவர் புரொஸ்டேற்றில் இப்படியான ஒரு பொருள் இருப்பதை எழுதினார். 1979இல் பஃபலோ நகரத்து ரோஸ்வெல் பார்க் புற்றுநோய் நிலையத்தில் மிங் சூவின் குழு அந்தப் புரதத்தைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தது. 1986இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் இந்தப் பரிசோதனைக்கு அனுமதி கொடுத்தது. எதற்கு? ஏற்கெனவே புற்றுநோய் கண்டு வைத்தியம் செய்தவர்களுக்கு அது திரும்புகிறதா என்று பார்க்க. அந்த வேலையை இது இன்றுவரை அருமையாகச் செய்கிறது. சுரப்பியை முழுதாக எடுத்துவிட்டவருடைய குருதியில் இந்த எண் ஏறத்தாழச் சுழியத்துக்கு வந்துவிட வேண்டும். பிறகு ஏறினால் சந்தேகத்துக்கு இடமில்லை. 1994இல் புதிதாக நோயைக் கண்டுபிடிக்கவும் அனுமதி கிடைத்தது. அதற்கு முன்னரே வெள்ளம் அணை தாண்டத் தொடங்கியிருந்தது. ஐம்பது வயது தாண்டியவர்களை வரிசையாக அளந்தார்கள். எண் ஏறியவருக்கு ஊசி, ஊசியில் கண்டால் கத்தி.

கடைசியில் எழும்பிக் கத்தியவர் யார் தெரியுமா? அதே ஏப்ளின்! நாற்பது வருடத்துக்கு முன்னர் தான் கண்ட பொருளைக் கொண்டு இப்படி ஊர்முழுக்கச் சலித்தெடுப்பது பெரும் பிழை என்று 2010இல் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையில் எழுதினார். பெற்ற தகப்பனே சபையில் எழும்பிப் பிள்ளைக்கு எதிராகச் சாட்சி சொன்னதுபோல.

அவர் சொன்னது சரியா? பாதி சரி என்பது என் எண்ணம். ஐரோப்பிய நாடுகளில் ஒரு இலட்சத்து எண்பதாயிரத்துக்கு மேற்பட்ட ஆண்களை வைத்து நெடுங்கால ஆய்வு நடந்தது. அழைத்து அளந்தவர்களிடையே புரொஸ்டேற் புற்றுநோயால் வந்த சாவு ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. இது சின்ன விடயமா? ஆனால் பதினாறு வருடக் கணக்கில், ஒரு உயிரைக் காக்க 570 பேரை அழைத்து அளக்க வேண்டியிருந்தது. மேலதிகமாகப் பதினெட்டுப் பேருக்குப் புற்றுநோய் என்று சொல்லவேண்டியிருந்தது. அந்தப் பதினெட்டில் ஒருவர் பிழைத்தார். மற்றவர்களில் பலர் அந்தப் புற்றுநோயோடேயே, அதைத் தெரியாமலேயே, வேறு காரணத்தால் முதிர்ந்து செத்திருக்கக்கூடியவர்கள். அவர்களில் எத்தனை பேர் அறுவைக்குப் பிறகு சலத்தை அடக்கமுடியாமல் துணி வைத்துக்கொண்டு திரிந்தார்களோ? அமெரிக்க வைத்திய நிபுணர் குழு 2012இல் இந்தச் சோதனையை ஊர்முழுக்கச் செய்யவேண்டாம் என்றது. 2018இல், 55க்கும் 69க்கும் இடைப்பட்டவர் வைத்தியரோடு பேசி முடிவெடுக்கட்டும், எழுபதுக்கு மேல் வேண்டாம் என்று மாற்றியது.

இன்றைக்கு வைத்தியமும் நிதானம் பழகிவிட்டது. பல இடங்களில் ஊசிக்கு முன்னர் எம்.ஆர்.ஐ. படம் பார்க்கிறார்கள். சிறிய புற்றுநோயென்றால் வெட்டாமல் கண்காணிக்கிறார்கள். பிரித்தானியாவில் 1,643 ஆண்களை மூன்றாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு அறுவை, ஒரு பகுதியினருக்குக் கதிர், ஒரு பகுதியினருக்குக் கண்காணிப்பு என்று வைத்துப் பதினைந்து வருடம் பார்த்தார்கள். 2023இல் முடிவு வந்தது. எந்தப் பகுதியிலும் புரொஸ்டேற் புற்றுநோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு மூன்றுக்குக் கிட்டத்தான்.

ஆனால் இந்தக் கணக்குகளைக் கேட்டுவிட்டு யாராவது அப்பாடா என்று சாய்ந்து உட்கார்ந்தால், அவருக்கு ஒரு கதை. இந்தத் தீவுப்பகுதியில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர். கடலுக்குப் போய் உரமேறிய உடம்பு. இடுப்பு நோவென்று ஒரு வருடம் எண்ணெய் பூசினார். இரவில் ஐந்தாறு தரம் சலத்துக்கு எழும்புவார். வயது போனால் அப்படித்தானே என்றார். சலத்தில் இரத்தம் கண்டதை மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. கால் விறைத்து விழுந்த பிறகுதான் தூக்கிக்கொண்டு போனார்கள். அவருடைய எண் ஆறு தசம் இரண்டு இல்லை. ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. எலும்பெல்லாம் புற்றுநோய் பரவிவிட்டது. ரொறன்ரோ அண்ணரோ ஒரு கடதாசிக்குப் பயந்து நடுங்கினார். இந்தப் பெரியவர் இரத்தத்தைக் கண்டும் பயப்படவில்லை. இரண்டில் எது ஆபத்து?

இன்னொரு புரொட்டியேஸைப் பற்றியும் சொல்லாமல் இறங்கினால் பேச்சுக் குறையாகிவிடும். அதன் பெயர் ரி.எம்.பி.ஆர்.எஸ்.எஸ்.2. இருப்பிடம் 21ஆம் நிறமூர்த்தம். இதன் உண்மையான வேலை இன்னும் புதிர். எலிகளில் இந்தப் பரம்பரையலகை நீக்கிப் பார்த்தார்கள். எலிகள் ஒரு குறையுமின்றி ஓடித் திரிந்தன! ஆனால் கொரோனா வைரசு மனிதக் கலத்துக்குள் நுழையும்போது அதன் முள்ளை வெட்டிக் கதவைத் திறந்துவிட்டது இந்தப் புரொட்டியேஸ்தான் என்பது 2020இல் தெரியவந்தது.

புற்றுநோயில் இதன் பங்கை 2005இல் கண்டுபிடித்தது அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஆய்வுகூடம் ஒன்று. அதன் தலைவர் பெயர் அருள் சின்னையன். பெயரைக் கேட்டதும் உங்கள் முகத்தில் ஒரு வெளிச்சம் தெரிகிறது, எனக்கும் அப்படித்தான் இருந்தது. அவரும் அவருடைய மாணவர் ஸ்கொட் ரொம்லின்சும் மற்றவர்களும் கண்டது இதுதான். ஆணின் ஓமோன் வந்து தட்டும்போது வேலை தொடங்கும் சுவிச்சு ஒன்று இந்தப் பரம்பரையலகின் தலைப்பில் இருக்கிறது. நிறமூர்த்தம் முறிந்து ஒட்டும்போது அந்தச் சுவிச்சு, கொஞ்சத் தூரத்தில் இருக்கிற ஈ.ஆர்.ஜி. என்ற வேறொரு பரம்பரையலகோடு போய்ப் பொருந்திவிடுகிறது. குசினி லைற்றின் சுவிச்சைக் கொண்டுபோய்க் கிணற்று மோட்டரில் பூட்டியதுபோல. பொழுதுபட்டு லைற்றைப் போடும்போதெல்லாம் மோட்டர் ஓடும். கலம் ஓய்வின்றிப் பெருகத் தூண்டுதல் கிடைக்கும். மேலைநாட்டு ஆண்களின் புரொஸ்டேற் புற்றுநோய்களில் ஏறக்குறையப் பாதியில் இந்தப் பிழை வயரிங் இருக்கிறது.

இதில் என்ன நன்மை? பீ.எஸ்.ஏ. கசிவைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. இந்தப் பிழைப் பொருத்தமோ சாதாரணமாகப் பருத்த சுரப்பியில் காணப்படுவதில்லை. அது சலத்தில் தென்பட்டால் சந்தேகம் வலுக்கும். அதனால் மிச்சிகன்காரர் பீ.எஸ்.ஏ.யையும் சலத்தில் தெரியும் இந்த அடையாளத்தையும் சேர்த்துப் பார்க்கும் பரிசோதனை ஒன்றை உருவாக்கினார்கள். அது எங்கள் பக்கத்துக்கு வர நாளாகும். வரும்வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை.

ஏனென்றால் எங்களிடம் இருப்பதும் குறைவில்லை. சலம் தடைப்பட்டாலோ, இரத்தம் கண்டாலோ, மாறாத முதுகு நோவிருந்தாலோ முதலில் ஊர்காவற்றுறை வைத்தியசாலைக்குப் போங்கள். அங்கிருந்து பண்ணைப் பாலம் தாண்டினால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை. தெல்லிப்பழையில் புற்றுநோய்க்கென்றே ஒரு ஆஸ்பத்திரி நிற்கிறது. அது எப்படி எழும்பியது தெரியுமா? 2011இல் தெற்கே தெவுந்தரமுனையில் இருந்து வடக்கே பருத்தித்துறை வரைக்கும் 27 நாள் நடந்து, இந்த நாட்டுச் சனம் பணம் சேர்த்துத் தந்தது. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் வெயிலில் நடந்து தந்த ஆஸ்பத்திரிக்கு, நெடுந்தீவிலிருந்து குமுதினிப் படகில் ஏறி வர எங்களுக்கு வெட்கமா?

தகப்பனுக்கோ அண்ணன் தம்பிக்கோ இந்த நோய் இருந்தவர்கள் ஐம்பதுக்கு முன்னரே வைத்தியரோடு பேசுங்கள். பரிசோதனைக்குப் போகிறவர்கள் அண்மையில் காய்ச்சலோ சலக்கடுப்போ இருந்ததென்றால் மறைக்காமல் சொல்லுங்கள். சுரப்பி பருத்ததற்கு ஃபினாஸ்ரரைட் குளிசை போடுகிறவர்கள் அதையும் சொல்லுங்கள். அந்தக் குளிசை எண்ணைப் பாதியாகக் குறைத்துக் காட்டும். இனி, எங்கள் நாட்டு ஆண்களில் முதலிடம் பிடிப்பது வாய்ப் புற்றுநோய். முன்வரிசையில் இருக்கிற இரண்டு வெற்றிலைப் பெட்டிகளையும் பார்த்துக்கொண்டுதான் பேசுகிறேன். அதற்கு இன்னொரு நாள் வருவேன்.

அண்ணரின் கதையை விட்டுவிட்டேனே! நான் விடாமல் துருவிக் கேட்டதில், பரிசோதனைக்கு இரண்டு கிழமைக்கு முன்னர் சலக்கடுப்பும் குளிர்காய்ச்சலும் வந்தது வெளிவந்தது. அதை அங்கே வைத்தியருக்குச் சொல்லவில்லையாம். “அவ பொம்பிளை டொக்டர், எப்பிடிச் சொல்லுறது?” என்றார். பேசிப் போகவைத்தேன். மருந்து கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்துத் திரும்ப அளந்தார்கள். இரண்டு தசம் ஒன்பது. அன்றைக்கும் இரவு பதினொரு மணிக்குத்தான் தொலைபேசி வந்தது. காணி இன்னும் அவர் பேரிலேயே இருக்கிறது. மேற்கு வேலி விழுந்து கிடக்கிறது, அதை அடைக்கும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்.